ஏலத்துக்கு வராத பரங்கிக்காய்

சகலை குடும்பம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து என் வீட்டு மாடியில் தங்கிய மூன்றாம் நாள் குக்கர் காணாமல் போனது.

நான்காம் நாள் ஒரு தூக்கு நிறையக் கருவாட்டுக் குழம்பு வந்தது. யார் அனுப்பியது என்று தெரியவில்லை. ஐந்தாம் நாள் கால் மூட்டை அரிசி போனது. அன்று மாலையே ஒரு சீப்பு வாழைப்பழமும் யாருடையதோ ஒற்றைச் செருப்பும் வந்தன.

நான் எதையும் விசாரிக்கவில்லை. கலைமதி போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதினான்கு மாதத்தில் நான் அதிகம் சொன்ன சொல் ‘சரி’.

கலைமதி என் மனைவி. மூளைக்காய்ச்சல், ஆறு நாள். எனக்குச் செஞ்சி பஜாரில் ஸ்டுடியோவும் ஃப்ளெக்ஸ் கடையும் இருக்கின்றன. காதணி விழா, புதுமனை புகுவிழா, கட்சி மாநாடு எல்லாம் அடிப்பேன். அவளுடைய கண்ணீர் அஞ்சலி பேனரையும் நான்தான் அடித்தேன். கலர் சரியாக வந்தது.

எங்கள் வீட்டுக்குச் சிங்கவரம் ரங்கநாதர்தான் எல்லாம். என் பெயரும் அவருடையதுதான். அவள் வீட்டில் ஞாயிறு தவறாமல் சர்ச். காதல் கல்யாணம். இரண்டு பக்கமும் ஆறு மாதம் பேசவில்லை. பிறகு அலுத்துப்போய்ப் பேசினார்கள்.

அவளுடைய அக்கா வளர்மதி டீச்சர். அக்கா கணவர் எழிலரசன் நர்ஸ். எட்டு வருடத்துக்கு முன்பு செஞ்சி சபை இருவரையும் மிஷனரிகளாகக் கேமரூனுக்கு அனுப்பியது. அந்த நாட்டின் கிழக்குக் காட்டில் பாக்கா என்றொரு மக்கள் இருக்கிறார்கள். வேட்டை, தேன், காட்டுக்கிழங்கு. அவர்களுடைய குடிசைகளுக்கு நடுவில் இவர்கள் ஒரு பள்ளிக்கூடமும் மருந்துக் கொட்டகையும் நடத்துகிறார்கள். மகள் தமிழினிக்கு ஒன்பது வயது. ஒரு வயதில் போனவள்.

கலைமதி சாவுக்கு அவர்களால் வர முடியவில்லை. மழையில் பாதை அறுந்து, செய்தி போய்ச் சேரவே ஒன்பது நாள் ஆயிற்று. இப்போது மூன்று மாத விடுப்பு. மாடி காலியாகக் கிடந்தது. தங்கட்டுமா என்று கேட்டார்கள். சரி என்றேன்.

குக்கர் பக்கத்து வீட்டுச் சாந்தியக்காவின் அடுப்பில் இருந்தது. அவரே வந்து சொன்னார்.

“ரங்கா, தப்பா நெனச்சிக்காத. எங்க குக்கருக்கு வாஷர் போயிடுச்சி, உங்களுது சேருதான்னு பாக்கணும்னு அந்தப் பொண்ணுகிட்ட வாஷர்தான் கேட்டேன். முழு குக்கரையும் தூக்கியாந்து வெச்சிட்டு, ‘உங்களுக்கு இல்ல, வெச்சிக்குங்க’ன்னுது. நான் இன்னா பண்ணட்டும்?”

“வெச்சிக்குங்க அக்கா.”

“அப்ப நீ எதுல வடிப்ப?”

பதினான்கு மாதமாகப் பெரும்பாலும் பரோட்டா கடைதான். மதியம் அவர் வீட்டிலிருந்து சோறு வந்தது. பிறகு தினமும் வந்தது.

தமிழினி தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் போனாள். கதவு தட்டும் வழக்கம் இல்லை. சாப்பிடுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். கொடுத்தால் தின்றாள், நன்றி சொல்லவில்லை. அதே கையோடு எங்கள் வீட்டில் இருப்பதை எடுத்துப்போய் இல்லாதவர்களுக்குக் கொடுத்தாள். அதற்கும் நன்றி எதிர்பார்க்கவில்லை.

“அங்க அப்படித்தான் ரங்கா” என்றார் வளர்மதி அக்கா. “ஒருத்தன் கறி கொண்டாந்தா அது அவனுது இல்ல. அவ்ளோ குடிசைக்கும் பங்கு போவும். பங்கு போடலன்னா சண்ட. போட்டதுக்கு தேங்க்ஸ் சொன்னா, ‘நான் போடமாட்டேன்னு நெனச்சியா’ன்னு கோவிச்சிப்பாங்க.”

எழிலரசன் அண்ணன் மெதுவாகப் பேசுகிறவர். “மொத வருஷம் நான் பட்ட பாடு சொல்லணும் தம்பி. ஒரு அம்மாவுக்குக் காய்ச்சல். பத்து மாத்திரை குடுத்தேன். அஞ்சு நாளு, காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மறுநாள் போறேன், காய்ச்சல் அப்படியே இருக்குது. மாத்திரை எங்கன்னா, பத்து பேருக்கு ஆளுக்கு ஒண்ணு பங்கு போட்டாச்சி. ஒம்போது பேருக்குக் காய்ச்சலே இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, எந்த மாத்திரையும் எங்கைய உட்டுப் போறதில்ல. கொட்டாய்க்கு வந்து எம்முன்னாடி முழுங்கணும். இப்பவும் கூட வந்தவங்க எல்லாம் ‘எனக்கு?’ன்னு வாயத் தொறப்பாங்க.”

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மாமனார் சிரிக்கவில்லை. தங்கராஜ், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மேல்மலையனூர் அமாவாசை ஸ்பெஷலில் மட்டும் இருபது வருடம். அவலூர்பேட்டையில் தனியாக இருக்கிறார். பெரிய மகள் வந்ததிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் செஞ்சி வந்து கடைசி பஸ்ஸில் போனார். பேரப்பெண் கைமாற்றும் சாமான்களைத் திரும்பக் கொண்டுவருவதுதான் அவருடைய பகல் வேலை. அந்த ஒற்றைச் செருப்பின் ஜோடியைத் தேடி மூன்று நாள் அலைந்தார்.

ஒரு நாள் என் கடைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“மாப்ள, நேரா சொல்றேன். ரெண்டு பொண்ணு பெத்தேன். ஒண்ணு போயிடுச்சி. இன்னொண்ணு காட்ல கெடக்குது. ஞாயித்துக்கெழம அறுப்பின் பண்டிகை. அன்னிக்கே கமிட்டியும் கூடுது. இவங்கள இன்னும் நாலு வருஷத்துக்கு அனுப்பறதா, இங்கயே சபை ஆபீஸ்ல வெச்சிக்கறதான்னு ஓட்டு. அஞ்சு பேர்ல நானும் ஒருத்தன். மத்தவங்க மனசு நீ போடற படத்துலதான் இருக்குது.”

பண்டிகையன்று மிஷனரிகளின் படங்களைப் புரொஜெக்டரில் காட்ட வேண்டும். அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

“பாம்பு, அட்டை, சேறு. அதத்தான் போடணும். பாத்தவன் அத்தினி பேரும், ‘ஐயோ, இங்கியா நம்ம புள்ளைங்க இருக்குது, கூப்டுக்குங்கடா’ன்னு சொல்லணும். பள்ளிக்கூடம் கிள்ளிக்கூடம் எதுவும் வேணாம். இன்னா?”

“சரி மாமா.”

ஒரு மணி நேரம் கழித்து வளர்மதி அக்கா பென்டிரைவோடு வந்தார். “ரங்கா, இதுல பாம்பு போட்டோ நெறைய இருக்குது. ஒண்ணு கூட போடாத. நைனா பயந்துக்குவாரு. பள்ளிக்கூடம், மருந்துக் கொட்டாய், தமிழினிகூட வெளையாடற லாம்பி குடும்பம், இது போதும். லாம்பியோட அம்மா மாசமா இருக்குது. நான் வந்துடுவேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். கமிட்டி அனுப்பலன்னா அந்தப் பொண்ணு மூஞ்சில முழிக்க முடியாது.”

“சரி அக்கா.”

ஒரு பாம்பு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு அட்டை, ஒரு மருந்துக் கொட்டகை என்று மாற்றி மாற்றி அடுக்கினேன். அறுபது படம். நியாயமாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். தமிழினி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். ஒரு முட்டையைக் கொடுத்தேன்.

“சித்தி எந்த ரூம்ல செத்துது?”

“இங்க இல்ல. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில.”

யோசித்தாள். “அந்த ஆஸ்பத்திரிய இடிச்சிட்டாங்களா?”

“இல்ல.”

“இன்னும் அதுலயேவா ஆளுங்க படுக்கறாங்க?”

“ஆமா.”

அவளுக்கு அது அசிங்கமாகப் பட்டது என்று முகத்தில் தெரிந்தது. “லாம்பியோட மாமா செத்தப்ப குடிசையப் பிரிச்சிப் போட்டுட்டு எல்லாரும் வேற எடத்துக்குப் போயிட்டோம். நீ இன்னா சித்தப்பா, அதே வீட்ல, அதே கட்டல்ல?”

“கட்டில்” என்றேன்.

“அதான். புது வீடு வேணாமா?”

“வேணும்னா கட்டு.”

கட்டிவிட்டாள். மறுநாள் மாலை மொட்டை மாடிக்குப் போனபோது மொங்குலு நின்றது. பாக்கா பெண்கள் கட்டும் குடிசைக்கு அதுதான் பெயராம். கவிழ்த்துப் போட்ட கிண்ணம் போல, என் இடுப்புக்கு மேல் கொஞ்சம் உயரம். தரை சிமென்ட் என்பதால் நான்கைந்து பெயின்ட் டப்பாவில் மணல் நிரப்பி, என் பேனர் வேலைக்கு வைத்திருந்த மூங்கில் பிளாச்சுகளை வளைத்து நட்டிருந்தாள். அதன்மேல் தேக்கு இலை. ஒவ்வொரு இலைக் காம்பையும் கீறிக் கொக்கி மாதிரி மாட்டியிருந்தாள். தெருமுனை ஆட்டோ டிரைவர் பார்த்திபன்தான் ஆட்டோவில் இலை ஏற்றி வந்தானாம்.

தேக்கு இலை போதவில்லை. உச்சியில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்த்தியிருந்தாள். பரணில் நான் சுருட்டி வைத்திருந்தது. கலைமதியின் கண்ணீர் அஞ்சலி பேனர்.

வளர்மதி அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். “ஏண்டி, வேற ஒண்ணும் கெடைக்கலியா உனக்கு?”

“இதான் பெருசா இருந்துது. சித்தி மூஞ்ச வெளிப்பக்கம் உட்டிருக்கேன். கோட்டை தெரியும்.”

உண்மைதான். கலைமதியின் முகம் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையைப் பார்த்தபடி இருந்தது. உள்ளே வெள்ளைப் பக்கம். பக்கத்து மாடியில் காய்ந்த மிளகாயை அள்ள வந்த சாந்தியக்கா தலை நிமிர்ந்து பார்த்து, ஒரு சத்தம் போட்டு, மிளகாயைக் கொட்டிவிட்டார்.

நான் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மழை பெய்தது. ஒழுகவில்லை. நல்ல மெட்டீரியல்.

ஞாயிறு. ஆராதனை முடிந்தது. அறுப்பின் பண்டிகையில் சபையார் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து படைப்பார்கள். அதையெல்லாம் பிறகு ஏலம் விடுவார்கள். வருமானம் மிஷனரி ஊழியத்துக்கு. வெளியே பந்தலில் நெல் மூட்டை, மணிலாக்கொட்டை, கரும்புக்கட்டு, வாழைத்தார், முட்டை, ஒரு கோழி, ஒரு ஆடு. நடு மேசையில் ஒரு எலுமிச்சம்பழம். அது ராசியான பழம் என்று ஒருவர் எடுத்து மறுபடி படைக்க, இன்னொருவர் எடுக்க, நாலு சுற்று வரும்.

அதன் பக்கத்தில் பரங்கிக்காய். பதினெட்டு கிலோ. சபைச் செயலாளர் மாசிலாமணி ஐயா தன் நிலத்தில் விளைவித்தது. அவர் நெல் மண்டி வைத்திருக்கிறார். ஏலம் விடுவதும் அவரே. வருடா வருடம் தன் பரங்கிக்காயைத் தானே ஏலம் விட்டு, தானே அதிக விலை கேட்டு, தானே எடுத்துக்கொள்வார். போன வருடம் அது நடக்கவில்லை. எதிர் மண்டி ஜெயராமன் எடுத்துவிட்டார். ஜெயராமன் அங்காளம்மன் பக்தர். ஆடி அமாவாசைக்கு மலையனூர், அறுப்பின் பண்டிகைக்கு சர்ச். சர்ச்சுக்கு வருவது மாசிலாமணிக்காக மட்டும். தோல்வியை மாசிலாமணி ஐயா ஒரு வருடம் மறக்கவில்லை. இந்த வருடம் காய்க்குக் கோழி எரு போட்டு வளர்த்தார்.

ஏலத்துக்கு முன்னால் படம். எல்லோரையும் மண்டபத்துக்குள் அழைத்தார்கள். ஜெயராமனும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தமிழினி வரவில்லை. அவளுக்கு அந்தப் படங்கள் புதிதில்லை.

முதல் படம் பாம்பு. என் தொடை அளவு விரியன். மருந்துக் கொட்டகைப் படியில் சுருண்டு கிடந்தது. மண்டபம் மூச்சை இழுத்தது. மாமனார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டாவது படம் பள்ளிக்கூடம். வளர்மதி அக்கா தலையசைத்தார். மூன்றாவது அட்டை. எழிலரசன் அண்ணன் காலில் பதினொன்று.

“இது எப்பவுமா?” என்று மாசிலாமணி ஐயா கேட்டார்.

“மழைல மட்டுங்கையா. மழை ஒம்போது மாசம்” என்றார் அண்ணன்.

“இந்தப் பள்ளிக்கூடத்துல ஏன் ஒரு புள்ளையும் காணோம்?”

“அது தேன் எடுக்கற மாசம். எல்லாரும் காட்டுக்குள்ள போயிடுவாங்க. டீச்சரும் கூட போயிடுவாங்க.”

“டீச்சருமா? லீவ் லெட்டர் உண்டா?”

“யாருகிட்ட குடுக்கறதுங்கையா?”

“சரி. ஞானஸ்நானம் எத்தினி பேரு?”

“நாலு.”

“எட்டு வருஷத்துல?”

“ஆமாங்கையா. மொத ரெண்டு வருஷம் அவங்கதான் எங்களுக்குச் சோறு போட்டாங்க. எது கிழங்கு, எது விஷம்னு கத்துக்கவே நேரம் சரியா இருந்துது.”

கொஞ்சம் சிரிப்பு. அடுத்த படம் தேள். பிறகு இடுப்பளவு சேற்றில் லாரி. பிறகு இன்னொரு பாம்பு, இந்தத் தடவை அண்ணனின் செருப்புக்குள். மாசிலாமணி ஐயா எழுந்தார். கண்ணில் தண்ணீர்.

“இப்பேர்ப்பட்ட எடத்துல நம்ம புள்ளைங்க நிக்கிறாங்கன்னா, அது சாதாரண விசுவாசமா? நாலு வருஷம் இன்னாய்யா நாலு வருஷம், பத்து வருஷம் அனுப்பணும்! எவன் வேணாம்னு சொல்றான் பாக்கறேன்!”

கைதட்டினார்கள். வாலிபர்கள் மூன்று பேர் நாங்களும் போகிறோம் என்று பெயர் கொடுத்தார்கள். மாமனார் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை டிக்கெட் எடுக்காமல் மாட்டியவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஏலத்துக்குப் பந்தலுக்கு வந்தோம். மேசை காலியாக இருந்தது.

பந்தல் முழுக்க வரிசையாக வாழை இலைகள். ஒவ்வொரு இலையிலும் ஒரு குவியல். கொஞ்சம் நெல், ஒரு கை மணிலாக்கொட்டை, ஒரு துண்டுக் கரும்பு, வாழைப்பழம், ஒரு பத்தை பரங்கிக்காய். முட்டை மட்டும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு. பார்த்திபன் அரிவாளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். தெருக்காரர்கள் பாதிப் பேர் தங்கள் இலையை மடித்துக்கொண்டிருந்தார்கள். கோழி, வாசலில் பூக்கட்டும் நாகம்மாள் மடியில் இருந்தது. ஆடு கட்டின இடத்திலேயே நின்றது. அதன் முன்னாலும் ஒரு இலை. அதன் பங்கில் பாதியைத் தின்று முடித்திருந்தது.

சாமான் எல்லாவற்றையும் நடுவில் வைத்தார்கள். எல்லோரும் பாடினார்கள். பாட்டு முடிந்தால் பங்கு. தமிழினிக்குத் தெரிந்தது அதுதான். பெரியவர்கள் பங்கு போடாமல் படம் பார்க்கப் போய்விட்டதால் அவள் போட்டாள்.

மாசிலாமணி ஐயா காலி மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “என் பரங்கிக்காய் எங்க?”

பார்த்திபன் பெருமையாகச் சொன்னான். “எழுவத்தோரு பத்தை ஐயா. ஒண்ணு கூட கொறையல. நான்தான் போட்டேன்.”

“எலுமிச்சம்பழம்?”

“இந்த ஆயா தாகம்னுச்சி” என்று தமிழினி நாகம்மாளைக் காட்டினாள். “ஜூஸ் போட்டுட்டேன்.”

“புளிப்பு கொஞ்சம் கம்மிதான்” என்றார் நாகம்மாள்.

“ஏ பொண்ணே, இது ஏலத்துக்கு வெச்ச சாமான்! உனக்கு யாரு சொன்னது இதத் தொடச் சொல்லி?”

தமிழினி பயப்படவில்லை. ஒரு இலையை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தாள். “இது உங்க பங்கு தாத்தா. பெரிய பத்தையா வெச்சிருக்கேன். உங்க வயிறு பெருசா இருக்குதில்ல.”

ஜெயராமன் அப்போதுதான் சிரித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “யம்மாடி, எனக்கும் வெச்சிருக்கியா?”

“அதோ, ஆட்டுக்குப் பக்கத்துல.”

“மாசிலாமணி, பாத்துக்கோ. இந்த வருஷமும் உன் காயி எனக்கு வந்துடுச்சி” என்று சொல்லி ஜெயராமன் தன் இலையை எடுத்து மடித்தார்.

எழிலரசன் அண்ணன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். வளர்மதி அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். திரும்பக் கேட்கலாம் என்று ஒருவர் சொன்னார். சொல்லிக்கொண்டே அவரும் தன் குவியலைப் பையில் போட்டார். கண்ணுக்கு முன்னால் இது உன் பங்கு என்று வைத்துவிட்டால் எடுக்காமல் இருக்க யாராலும் முடியாது போலிருக்கிறது. அரைமணி நேரத்தில் பந்தலில் ஆடு மட்டும் மிச்சம்.

மூன்றரை மணிக்குச் சபைப் போதகர் ஐயர் தலைமையில் கமிட்டி கூடியது. மண்டபத்தில் நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

“எட்டு வருஷம்” என்று மாசிலாமணி ஐயா ஆரம்பித்தார். “நாலு பேரு. அவங்கள இவங்க மாத்தல ஐயரே. இவங்கள அவங்க மாத்திட்டாங்க. இனிமே அனுப்பக் கூடாது. இங்கயே ஆபீஸ்ல ஒக்கார வெச்சி, அந்தப் பொண்ண ஒரு ஹாஸ்டல்ல போட்டு, ஒழுங்கு கத்துக் குடுக்கணும். போன வாரம் தங்கராஜும் இதையேதான் சொன்னாரு.”

மாமனார் தரையைப் பார்த்தபடி இருந்தார். அவர் கேட்டது கேட்டபடி கிடைத்துக்கொண்டிருந்தது.

ஐயர் என் பக்கம் திரும்பினார். அவர் இளைஞர், சமாதானப் பிரியர். “தம்பி, உங்க வீட்லதானே தங்கியிருக்காங்க. அந்தக் குழந்தையால ஏதாவது தொந்தரவு உண்டா?”

‘சரி’ என்று சொல்ல முடியாத கேள்வி.

“குக்கர் போச்சு. அரிசி போச்சு.”

“கேட்டுக்குங்க” என்றார் மாசிலாமணி ஐயா.

“சோறு வருது” என்றேன். “பதினாலு மாசமா யாரும் கதவத் தட்டல. இப்பவும் தட்டறதில்ல. நேரா உள்ள வந்துடறாங்க.”

மறுபடி வயரைச் சுற்றினேன்.

“அதெல்லாம் சரி” என்றார் மாசிலாமணி ஐயா. “பொது எடத்துல பொது சாமான எடுத்து ஆட்டோக்காரனுக்கும் ஆட்டுக்கும் குடுக்குது. வளத்த லட்சணம் அப்படி.”

மாமனார் தலையைத் தூக்கினார். “யாரு வளத்தது?”

“உம் பொண்ணுதான்.”

“எம் பொண்ண யாரு வளத்தது?”

“நீதான்... இன்னாய்யா இப்ப அதுக்கு?”

“அப்ப என்னத்தான் சொல்ற.”

“உன்ன சொல்லல. நீதானே போன வாரம் அனுப்பக் கூடாதுன்ன?”

“அது போன வாரம்!” மாமனார் எழுந்துவிட்டார். கண்டக்டர் குரல். பின்படி வரை கேட்கிற குரல். “இருவது வருஷம் அமாவாச ஸ்பெஷல்ல நின்னேன்யா. அறுவது சீட்டு பஸ்ல நூத்தி நாப்பது பேரு. ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிப்பான். கைக்கொழந்தையோட நிப்பா ஒருத்தி, அவனவன் வெளிய வேடிக்க பாப்பான். எவனும் எழுந்து எடம் குடுத்து நான் பாக்கல. எம் பேத்தி ஆட்டுக்குப் பங்கு வெச்சிருக்குது. நீ ஒழுங்கு கத்துக் குடுப்பியா அதுக்கு? உன் பரங்கிக்காய நீயே ஏலம் உட்டு நீயே எடுப்ப, நீ கத்துக் குடுப்பியா?”

“தங்கராஜ், வார்த்தை அளந்து—”

“ஓட்டு எடுங்க ஐயரே!”

எடுத்தார்கள். அனுப்ப வேண்டாம் என்று மாசிலாமணி ஐயாவும் அவர் மைத்துனரும். அனுப்பலாம் என்று ஐயரும் பெண்கள் ஐக்கியத் தலைவியும். மாமனார் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கை தானாக மேலே போனது.

“அனுப்புங்க! நாலு வருஷம் இல்ல, இவரு சொன்ன மாதிரி பத்து வருஷம் அனுப்புங்க!”

கையை இறக்கும்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. பாதி வழியில் கை நின்றது. பிறகு மெதுவாக நாற்காலியைத் தேடியது.

வீட்டுக்கு வந்தவர் நேராக மொட்டை மாடிக்குப் போய் மொங்குலுவுக்குள் நுழைந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

“நானே டிக்கெட் கிழிச்சிக் குடுத்துட்டேன் மாப்ள” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “எங்கையால.”

“ஆமா மாமா.”

“நீ ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். பாத்திரம் ஒடைக்குது, கல்லால அடிக்குதுன்னு.”

“அது ஒடைக்கலியே மாமா.”

மூக்கை உறிஞ்சும் சத்தம். தமிழினி குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“தாத்தா, இது சித்தப்பாவோட புது வீடு. நீ வேணும்னா இருந்துக்கோ. ஆனா அழுவறதுன்னா கீழ அந்தப் பழைய வீட்ல போயி அழுவு.”

பிறகு மாமனார் சிரிப்பது கேட்டது. சிரிப்பா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வளர்மதி அக்கா படியில் நின்று, மேலே வராமல், அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து, விடுப்பு முடிந்து அவர்கள் புறப்பட்டார்கள். காலை பதினொரு மணி, செஞ்சி பஸ் ஸ்டாண்டு, திருவண்ணாமலையிலிருந்து வரும் சென்னை பஸ். நான்கு பெட்டி. ஒன்றில் முழுக்கக் குக்கர் வாஷர். தமிழினி வற்புறுத்தி வாங்கியது. அங்கே யாரிடமும் குக்கர் இல்லை என்று எழிலரசன் அண்ணன் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. மற்றொன்றில் மாசிலாமணி ஐயா கொடுத்தனுப்பிய பரங்கி விதை. காகிதத்தில் ‘கோழி எரு அவசியம்’ என்று எழுதியிருந்தார்.

பஸ் நகர்ந்தது. பீ...ப் என்று ஒற்றை விசில். பஸ் நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸின் கண்டக்டர் தன் விசிலைக் குனிந்து பார்த்தார். அது அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஊதியது மாமனார். பழைய விசில், சட்டைப்பையில் கொண்டுவந்திருக்கிறார்.

“இன்னா நைனா?” என்று வளர்மதி அக்கா ஜன்னலில் தலையை நீட்டினார்.

“ஒண்ணுமில்ல. சாப்டியா?”

“ரெண்டு தடவ கேட்டுட்ட. சாப்ட்டேன்.”

பஸ் நகர்ந்தது. மறுபடி ஒற்றை விசில். நின்றது.

“மாத்திரை எடுத்துக்கினியா?”

“எடுத்துக்கினேன் நைனா.”

மூன்றாவது தடவை பஸ் நின்றபோது கண்டக்டர் இறங்கி வந்தார். “பெருசு, ஒண்ணு ஏறு, இல்ல உடு.” அவர் கையிலிருந்த விசிலைப் பார்த்தார். “விழுப்புரம் டெப்போவா நீங்க?”

“செஞ்சி. ரிட்டயர்டு.”

அந்த இளைஞர் அவரை ஒரு கணம் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். “அப்ப நீங்களே குடுங்க” என்று சொல்லிப் படியில் ஏறி நின்றுகொண்டார்.

மாமனார் விசிலை வாயில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். இரட்டை விசில். சுத்தமாக, இடைவெளி பிசகாமல். பஸ் போனது. ஜன்னலிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டிருந்தது. ஆட்டவில்லை. சாப்பாட்டுக்கு நீட்டுகிற மாதிரி உள்ளங்கை மேலே பார்த்தபடி நீட்டியிருந்தாள்.

இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். மாமனார் சமையலறையில் எதையோ தேடினார்.

“மாப்ள, குக்கர் இன்னும் வரலியா?”

“பக்கத்து வீட்ல இருக்குது மாமா.”

“கேட்டு வாங்கியாரட்டா?”

“வேணாம்.”

“அப்ப சோறு?”

“வரும்” என்றேன்.

கதவைத் திறந்து வைத்துவிட்டு இருவரும் மாடிக்குப் போனோம். தேக்கு இலை காய்ந்து பழுப்பாகியிருந்தது. பேனர் அப்படியே இருந்தது. குடிசைக்குள் ஒருவர் தாராளமாக உட்காரலாம். இரண்டு பேர் என்றால் முழங்கால் இடிக்கும். உட்கார்ந்தோம். ஒரு மணி வாக்கில் கீழே யாரோ உள்ளே வரும் சத்தம் கேட்டது.

“எங்கப்பா போயிட்டீங்க ரெண்டு பேரும்?” என்று சாந்தியக்காவின் குரல். “சோறு ஆறுதில்ல?”